அணைச்சுவரும் எண்கணிதமும்

1895ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27ஆம் நாள் காலையில், பிரான்சு தேசத்தின் கிழக்குப் பகுதியில் எப்பினால் நகரத்துக்கு அருகே, கால்வாய்க்கு நீர் வழங்குவதற்காகக் கட்டப்பட்டிருந்த பூசே என்னும் கல்லணையின் நடுப்பகுதி உடைந்து சாய்ந்து, தேங்கி நின்ற நீரனைத்தும் பள்ளத்தாக்கில் பாய்ந்து, 80-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. விபத்தை ஆராய்ந்தவர்கள் அதன் காரணத்தைத் தெளிவாகவே கண்டனர். நீர்ப்புற முகத்தில் கல்லும் சாந்தும் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதற்கு மாறாக ஒன்றைவிட்டு ஒன்று விலக முயன்றிருந்தன. விலகிய இடுக்கில் நீர் புகுந்து, மேலிருந்த சுவரைத் தூக்கித் தள்ளிவிட்டது.

கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது என்பது கொத்தனார் எவரும் அறிந்த விஷயமே. ஆனால் பல்லாயிரம் டன் எடையுள்ள ஒரு சுவருக்குள் எந்த இடத்தில் எவ்வளவு அமுக்கம் நிலவும், எந்த இடத்தில் இழுப்பு தலைகாட்டும் என்பதை, ஒரு கல்லைக்கூட நாட்டுவதற்கு முன்பே, நம்பத்தக்க வகையில் சொல்லக்கூடியவர் அந்நாளில் ஒருவரும் இருக்கவில்லை. பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளை எண்களால் தீர்க்கும் முறை என்று இன்று பொறியியல் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்ற பெருங்கலை பல ஊற்றுக்களிலிருந்து பெருகியது உண்மையேயாயினும், அதன் வரலாற்றில் முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் ஓர் அணைச்சுவர் நிற்பதைக் காண்கிறோம். அந்தச் சுவரைப் பின்பற்றியே இவ்வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சுவருக்குள் நிலவும் விசைகளை முன்கூட்டிச் சொல்ல இயலாமற்போனது சமன்பாடு இல்லாமையால் நேர்ந்த இடர் அன்று. ஒரு பொருளுக்குள் வெப்பமோ நீரோ விசையோ பரவும்போது, ஒவ்வொரு புள்ளியின் நிலையும் அதன் அண்டைப் புள்ளிகளின் நிலையைப் பொறுத்தே அமைகிறது என்னும் இயற்கை நியதியைக் கணித மொழியில் எழுதுவனவே பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். வெப்பத்தின் பரவலைப் பற்றி ஃபூரியே 1822-ல் வெளியிட்ட பெருநூலும், மீள்தன்மையுள்ள பொருள்களைப் பற்றி நேவியேயும் அவருக்குப் பின்வந்தோரும் எழுதிய ஆராய்ச்சிகளும், தகைவை, அதாவது பொருளுக்குள் நிலவும் அமுக்கத்தையும் இழுப்பையும், கூறுவதற்கு அரச வானியலாளராக விளங்கிய ஏரி 1862-ல் கண்ட தகைவுச் சார்பும் அந்த நியதியைப் பிழையற எடுத்துரைத்தன. ஆனால் வட்டம், கோளம், செவ்வகம் போன்ற ஒழுங்கான உருவங்களுக்கு மட்டுமே அச்சமன்பாடுகள் முடிவான விடை தந்தன. பாறையில் வேரூன்றி, ஒருபுறம் செங்குத்தாகவும் மறுபுறம் சாய்ந்தும், தலையிலே சாலையையும் அடியிலே மதகையும் தாங்கி நிற்கும் மெய்யான அணைக்கு அவை வாய் திறக்கவில்லை. ஆகையினால் பொறியாளர்கள், சுவரைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் மொத்த விசை அவ்வெட்டின் நடு மூன்றிலொரு பாகத்துக்குள் விழவேண்டும் என்ற ஒரே விதியைத் துணையாகக் கொண்டு கட்டி வந்தார்கள்.

இவ்விதி போதாது என்று உரத்துச் சொன்னவர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியரும் புள்ளியியல் சாஸ்திரத்தை நிறுவியவர்களுள் ஒருவருமான கார்ல் பியர்சன். நைல் நதியின் குறுக்கே அஸ்வானில் ஆங்கிலப் பொறியாளர்கள் 1898 முதல் 1902 வரை உழைத்து மாபெரும் கருங்கல் அணையொன்றை எழுப்பி, எகிப்தின் பருத்தி வயல்களுக்கு இன்னும் நீர் வேண்டும் என்பதால் அதன் உயரத்தை அதிகப்படுத்த ஆலோசித்துக் கொண்டிருந்த சமயம் அது. 1904-ல் பியர்சனும் அவருடைய துணைவர் ஆட்சர்லியும் வெளியிட்ட ஆராய்ச்சியுரை, கிடைமட்ட வெட்டுக்களை மட்டும் சோதிப்பது போதாது என்றும், செங்குத்தான வெட்டுக்களிலும், அதாவது அணையின் நீரற்ற புறத்து அடிப்பகுதியிலும், இழுப்பு ஏற்படக்கூடும் என்றும் வாதித்தது. கட்டி முடித்த அணையின்மேல் இன்னும் கல் ஏற்றலாமா கூடாதா என்பது நடைமுறைக் கேள்வியாதலால், பொறியாளர் உலகில் இவ்வாதம் பெரிய கலக்கத்தை உண்டாக்கிற்று. கணிதம் விடை தராத இடத்தில் பரீட்சையாவது விடை தருமா என்று எண்ணிச் சிலர் இரப்பரால் சிறிய அணைகளைச் செய்து நீர் அழுத்தத்துக்குப் பதிலாக எடைகளைப் பூட்டி இழுத்தனர்; வேறு சிலர் குழந்தைகள் உருவம் பிடிக்கும் பிளாஸ்டிசீன் களிமண்ணால் அணை செய்து அது நெளிவதை அளந்தனர். 1908-ல் லண்டன் சிவில் பொறியாளர் சங்கத்தின் முன் இவ்விருவகைப் பரீட்சைகளும் விரிவாக விவாதிக்கப்பட்டன. அவை பயனுள்ளவை, ஆயினும் ஒவ்வோர் அணைக்கும் ஒரு புதிய பொம்மை செய்தாக வேண்டும் என்பதும், பொம்மையின் தன்மை கல்லின் தன்மை ஆகாது என்பதும் அவற்றின் குறைகள்.

இந்த நிலையில்தான் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் இளைஞர் இவ்வழக்கில் நுழைந்தார். 1881-ல் நியூகாசில் நகரத்தில், க்வேக்கர் என்னும் அமைதி நெறியைப் பின்பற்றிய குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்ற இவர், 1906-ல் புல்கரி வெட்டியெடுக்கும் நிறுவனம் ஒன்றில் ரசாயனப் பணியில் அமர்ந்தார். சதுப்பு நிலத்தில் பெய்யும் மழைநீர் வடிந்து போவதற்கு வாய்க்கால்களை எவ்விடைவெளியில் வெட்ட வேண்டும் என்ற கேள்வி அங்கே எழுந்தது. நீர் மண்ணுக்குள் கசிந்து செல்லும் விதத்தைக் கூறும் சமன்பாடு லாப்லாஸின் பெயரால் வழங்கும் பழைய சமன்பாடுதான். ஆனால் வாய்க்கால்களின் உருவத்துக்கு அதைத் தீர்த்தவர் எவருமில்லை. முதலில் கையால் கோடுகள் வரைந்து திருத்தித் திருத்தி விடையை நெருங்கும் வரைபட உபாயம் ஒன்றைக் கண்டு 1908-ல் வெளியிட்ட ரிச்சர்ட்சன், அது கண்ணையும் கையையும் மட்டுமே நம்பியிருப்பதால் அதில் திருப்தி கொள்ளாமல், எண்களாலேயே விடை காணும் முறையை நாடினார்.

அவர் கண்ட வழியைச் சாதாரண வாசகரும் எளிதில் உணரலாம். ஆராய வேண்டிய உருவத்தின்மேல் சதுரக் கட்டங்கள் கொண்ட வலையொன்றை விரித்து, கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண் இருப்பதாகக் கொள்வோம். லாப்லாஸின் சமன்பாடு, இக்கட்ட மொழியில் சொன்னால், ஒவ்வொரு கணுவின் எண்ணும் மேலும் கீழும் இடமும் வலமுமாக உள்ள நான்கு அண்டைக் கணுக்களின் சராசரிக்குச் சமம் என்ற அளவுக்கு எளிதாகிவிடுகிறது. எல்லையிலுள்ள எண்கள் நமக்குத் தெரிந்தவை. உள்ளே உள்ளவற்றை உத்தேசமாக எழுதிக்கொண்டு, சமன்பாட்டுக்கு அவை எவ்வளவு மாறுபடுகின்றன என்று பார்த்துச் சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டே போனால், எண்கள் படிப்படியாக அசைவற்று நிலைகொள்ளும். வகைநுண்கணிதத்தின் ஆழமான சூட்சுமம், கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் தெரிந்த எவரும் செய்யக்கூடிய காரியமாக மாறிவிடுகிறது. இதே முறையால் அவர் அடுத்து ஆராய்ந்த அணையின் தகைவுக்குரிய சமன்பாடோ இதைவிடக் கடினமானது; அங்கே ஒவ்வொரு கணுவும் தன்னைச் சூழ்ந்த 12 கணுக்களோடு பிணைந்திருப்பதால், வேலை பன்மடங்காகிறது.

அந்த வேலையைச் செய்வதற்கு ரிச்சர்ட்சன் சிறுவர்களை அமர்த்திக் கூலி கொடுத்தார். ஒரு கணுவில் ஒருமுறை செய்யும் கணக்குக்கு, எண்ணில் எத்தனை இலக்கங்கள் உள்ளனவோ அத்தனை பதினெட்டில் ஒரு பங்கு பென்னி என்பது அவர் நிர்ணயித்த விகிதம். மூன்றிலக்க எண்ணானால் ஆறு கணக்குக்கு ஒரு பென்னி. விரைவாகச் செய்த சிறுவன் ஒருவன் வாரத்துக்குச் சராசரி 2000 கணக்குகளைச் செய்து முடித்தான் என்றும், தவறாகச் செய்தவை கழிக்கப்பட்டன என்றும் அவரே பதிவு செய்திருக்கிறார். 1910-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வாசிக்கப்பட்டு, அதன் ஏட்டில் பிரசுரமான அவருடைய கட்டுரையிலே, உயர்ந்த கணிதச் சூத்திரங்களுக்கு நடுவில் இந்தக் கூலிக் கணக்கும் இடம்பெற்றிருப்பது மிகவும் பொருத்தமானதென்று கருதுகிறேன். அணைக்கட்டின் கேள்விக்கு விடை கண்டது தனியொரு மேதையின் ஞானதிருஷ்டி மட்டுமன்று, பெயர் அறியப்படாத சிறுவர்களின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது என்பதை அந்தப் பக்கங்கள் வெளிப்படையாகவே கூறுகின்றன.

ஆயினும் அக்கட்டுரையின் உண்மையான பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது. கட்டங்களால் கிடைக்கும் விடை தோராயமானதே என்பதை ரிச்சர்ட்சன் மறைக்கவும் இல்லை, அதற்காக வருந்திக்கொண்டு நிற்கவும் இல்லை. அந்தத் தோராயத்தின் அளவு என்ன என்று கேட்டார். கட்டத்தின் பக்கம் பாதியாகக் குறைந்தால் பிழை ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதைக் கண்டு, ஒரே கணக்கைப் பெரிய கட்டத்தாலும் சிறிய கட்டத்தாலுமாக இருமுறை செய்து, இரு விடைகளுக்கும் உள்ள வேறுபாட்டில் மூன்றிலொரு பங்கைச் சிறிய கட்டத்தின் விடையோடு சேர்த்தால் மெய்க்கு மிகவும் நெருங்கிய விடை கிட்டும் என்று காட்டினார். அதாவது விடையைப் பெறும் உழைப்பிலேயே அதன் குறையை அளக்கும் அளவுகோலையும் அவர் அடக்கிவிட்டார். தோராயக் கணக்கு சாஸ்திரம் என்ற பெயருக்குத் தகுதி பெற்றது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

இவ்வளவு அரிய ஆராய்ச்சி உடனே போற்றப்படவில்லை. இவ்வாராய்ச்சியையே தகுதியாகக் காட்டிக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் அவர் நாடிய ஆய்வாளர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை; முடிவான விடையையே கணிதமென்று கொண்டாடிய அக்காலத்தில் தோராயத்துக்கு மதிப்பில்லை. ரிச்சர்ட்சனோ தம் முறையை அணையிலிருந்து ஆகாயத்துக்கு எடுத்துச் சென்றார். காற்று, அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவற்றின் சமன்பாடுகளையும் இவ்வாறே கட்டங்களால் தீர்த்து நாளைய வானிலையை இன்றே கணிக்கலாம் என்று எண்ணி, முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரெஞ்சுப் படையின் காயமுற்றோரை வண்டியில் ஏற்றிச் செல்லும் பணியை மேற்கொண்டிருந்த நாட்களில், குளிர் நிறைந்த தங்குமிடத்து வைக்கோற் குவியலையே மேசையாகக் கொண்டு, 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாளின் வானிலையைக் கணக்கிட்டார். கைப்பிரதி 1917-ல் போர்க்களத்தில் காணாமற்போய், சில மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியிலிருந்து மீட்கப்பட்டு, 1922-ல் நூலாயிற்று. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்பது அக்கணக்கின் முடிவு. உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. இவ்வளவு பெரிய தோல்வியை ஒளிக்காமல், கணக்கின் ஒவ்வொரு படியோடும் அச்சிட்டு உலகின் முன் வைத்தார் ரிச்சர்ட்சன். அதனாலேயே, அநேக ஆண்டுகளுக்குப் பின் அயர்லாந்து அறிஞர் பீட்டர் லிஞ்ச் அதே கணக்கைத் திரும்பச் செய்து, பிழை முறையில் இல்லை, ஆரம்ப அளவுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையாமல் இருந்ததே காரணம் என்றும், அவற்றைச் சீர்செய்தால் விடை இயல்பாகவே அமைகிறது என்றும் நிரூபிக்க முடிந்தது.

நூல் வெளிவந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1928-ல், ஜெர்மனியின் கெட்டிங்கன் கணித மரபைச் சேர்ந்த கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்னும் மூவர் எழுதிய கட்டுரை, எதிர்பாராத ஓர் எச்சரிக்கையைத் தந்தது. பொறியாளருக்கு உதவுவது அவர்களுடைய நோக்கம் அன்று. சமன்பாடுகளுக்கு விடை உண்டு என்பதை நிரூபிக்கும் கருவியாகவே அவர்கள் கட்டங்களைக் கைக்கொண்டனர். ஆனால் அலைபோல் பரவும் நிகழ்ச்சிகளைக் கணக்கிடும்போது, ஒரு கட்டத்தின் அகலத்தை அலை கடப்பதற்கு எவ்வளவு காலம் ஆகுமோ அதைவிட நீண்ட காலப்படியை எடுத்துவைத்தால், கட்டத்தை எவ்வளவு நுண்ணியதாக்கினாலும் கணக்கு மெய்யை அடையாது என்பது அவர்கள் கண்ட நியதி. கட்டம் சிறுத்தால் விடை மேம்படும் என்ற நம்பிக்கைக்கு இது ஒரு வேலி கட்டிற்று. ரிச்சர்ட்சனே தம் 1910 கட்டுரையில் வெப்பக் கடத்தலுக்குக் கையாண்ட காலப்படி முறை, படிகள் பெருகப் பெருகப் பிழையையும் பெருக்கிவிடும் இயல்புடையது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது; அவர் செய்த படிகள் சிலவே ஆதலால் அக்குறை அவர் கண்ணில் படவில்லை. அதே வெப்பச் சமன்பாட்டுக்கு, எவ்வளவு படிகள் சென்றாலும் பிழை பெருகாத முறையை ஜான் கிராங்க் என்பவரும் ஃபில்லிஸ் நிக்கல்சன் என்னும் பெண்மணியும் 1947-ல் அளித்தனர். இன்றும் அவ்விருவர் பெயரால் வழங்கும் அம்முறை, சிறு கணக்கு யந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றிச் செய்யும் வேலைக்கென்றே வகுக்கப்பட்டது.

இதற்கிடையே இங்கிலாந்தில் இக்கலையைப் பொறியாளரின் அன்றாடத் தொழிலாக ஆக்கிய பெருமை ரிச்சர்ட் சவுத்வெல் என்னும் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரைச் சாரும். 1935-ல் அவர் வெளியிட்ட தளர்த்தல் முறை, பாலச் சட்டங்களின் விசைகளைக் காண்பதில் தொடங்கி, பின்னர் எல்லாவகைப் பரவற் சமன்பாடுகளுக்கும் விரிந்தது. கணுக்களில் உத்தேச எண்களை எழுதியபின், சமன்பாட்டுக்கு ஒவ்வொரு கணுவும் எவ்வளவு இணங்கவில்லை என்பதை எச்சமாகக் குறித்துக்கொண்டு, எச்சம் எங்கே மிகுந்திருக்கிறதோ அங்கே முதலில் கைவைத்துத் திருத்துவது அம்முறை. விரித்த பாயில் எழுந்த மடிப்பை ஒருபுறம் அழுத்தினால் அது சற்றுத் தணிந்து பக்கத்தில் எழுவதுபோல, ஒரு கணுவில் தீர்ந்த எச்சம் குறைந்த அளவில் அண்டைக் கணுக்களுக்குச் செல்லும். பொறுமையுடன் தொடர்ந்து அழுத்தினால் எல்லை வழியாக முழுவதும் வெளியேறிவிடும். இதே உபாயத்தைக் காஸ் என்னும் கணித மேதை 1823-ல் தம் மாணவர் கெர்லிங்குக்கு எழுதிய கடிதத்தில் நில அளவைக் கணக்குகளுக்காக விளக்கி, அரைத்தூக்கத்திலும் செய்யக்கூடியது என்று பாராட்டியிருக்கிறார். சவுத்வெலின் துணைவர்களோ தூக்கத்தை மறந்தே உழைத்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர்கள் மேசைகளில் விரிந்து கிடந்த பெரிய தாள்களில், ஒவ்வொரு கணுவிலும் எழுதி அழித்து எழுதிய எண்களால் எத்தனையோ நடைமுறைக் கேள்விகள் தீர்க்கப்பட்டன.

போலந்தில் வளர்ந்து, நாட்டைப் போர் விழுங்கியதும் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த ஓல்கியர்ட் ஸீன்கீவிச் என்னும் இளைஞர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிப்பர்ட், சவுத்வெல் ஆகியோரின் நிழலில் பயின்று, தளர்த்தல் முறையைக்கொண்டு ஆராய்ந்த பொருள் எது? தன் எடையாலேயே நிற்கும் அணையின் உட்தகைவுதான். ரிச்சர்ட்சனின் சுவருக்கு அவர் திரும்ப வந்தார். 1947-ல் அவருடைய ஆராய்ச்சி சிவில் பொறியாளர் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. இத்தகைய கணக்கு ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் மனித உழைப்பை விழுங்கியது. உருளை ஒன்றைச் சுற்றி ஓடும் திரவத்தின் போக்கை 1953-ல் கணக்கிட்டு வெளியிட்ட ஜப்பானிய அறிஞர் கவாகுதி, கைக்கணக்கு யந்திரத்தோடு வாரத்துக்கு 20 மணி நேரம் வீதம் ஒன்றரை ஆண்டு உழைத்தார். ஒரே ஓட்டத்தின் ஒரே நிலைக்கு வேண்டிய காலம் அது.

அந்தக் காலத்தைச் சுருக்கிய மின்னணு யந்திரங்களின் கதையைப் பலரும் சொல்லியிருப்பதால் சுருக்கமாகவே கடந்து செல்கிறேன். 1950ஆம் ஆண்டு வசந்த காலத்தில், அமெரிக்காவின் மேரிலாண்ட் மாகாணத்து அபர்டீனில் நிறுவப்பட்டிருந்த ஈனியாக் என்னும் யந்திரத்தில், சார்னி, ஃபியோர்டாஃப்ட், ஃபான் நியுமான் ஆகியோர் ஒரு நாள் வானிலையைக் கணிக்க ஏறக்குறைய ஒரு நாளே ஆயிற்று. அந்த முடிவுகள் முதியவரான ரிச்சர்ட்சனுக்கு அனுப்பப்பட்டன. அவர் மனமுவந்து வாழ்த்தினார். 1953-ல் அவர் காலமானார். யந்திரத்தின் வரவு ஓர் ஆபத்தையும் கொண்டுவந்தது என்பதை ஃபான் நியுமான் உணர்ந்திருந்தார். கையால் கணக்கிடுகிறவன் எண்கள் தாறுமாறாகப் போவதைக் கண்டவுடன் நிறுத்திக்கொள்வான். யந்திரமோ கோடிக்கணக்கான படிகளைக் கேள்வியின்றிச் செய்துகொண்டே போகும். ஆதலால் ஒரு படியில் நேர்ந்த சிறு பிழை அடுத்த படிகளில் தேயுமா வளருமா என்பதை முன்கூட்டியே சோதிக்கும் உபாயத்தை அவர் வகுத்துத் தந்தார்.

சதுரக் கட்டங்களுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு; வளைந்த எல்லையும் சாய்ந்த விளிம்பும் அவற்றுக்குப் பொருந்துவதில்லை. ஹிட்லரின் ஆட்சியில் பதவியிழந்து நியூயார்க்கை அடைந்த கூரான்ட், 1943-ல் வெளியிட்ட ஒரு சொற்பொழிவில், பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் விடை நேர்கோட்டு ஒழுங்கில் மாறுவதாகக் கொண்டு, மொத்த ஆற்றல் மிகக் குறைவாக அமையும்படி கணு எண்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று காட்டினார். அது கணித ஏடுகளில் உறங்கிற்று. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து, சியாட்டிலில் போயிங் நிறுவனத்தின் பொறியாளர்கள், வளையும் இயல்புடைய முக்கோணச் சிறகுகளைப் பழைய உத்திரக் கணக்கால் அளக்க முடியாமல் தத்தளித்தபோது, டர்னர் என்பவரின் தலைமையில், சிறகின் தகட்டைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணுக்களில் இணைக்கும் வழியைத் தாமாகவே கண்டனர். கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து கோடை விடுமுறையில் அங்கே பணியாற்றச் சென்ற ரே கிளஃப் அக்குழுவில் ஒருவர். டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரின் கட்டுரை 1956-ல் வெளிவந்தது; நான்கு ஆண்டுகளுக்குப் பின் முடிவுறு கூறு முறை என்று கிளஃப் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது.

ஆகாயவிமானத்தில் பிறந்த இம்முறை சிவில் பொறியாளரின் நம்பிக்கையைப் பெற்றதும் ஓர் அணையில்தான். அர்கான்சாஸ் மாகாணத்தில் 1940-களில் கட்டப்பட்ட நார்ஃபோர்க் அணையின் கான்கிரீட்டில், கட்டும் காலத்து வெப்ப மாறுதலால் செங்குத்தான பிளவு ஒன்று தோன்றியிருந்தது. பிளவுபட்ட அந்த அணை நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்குமா என்ற கேள்வி எழுந்தபோது, கிளஃப்பும் அவருடைய மாணவர் எட்வர்ட் வில்சனும் அணையையும் அதன் அடித்தளப் பாறையையும் பிளவோடு சேர்த்து முக்கோணங்களாகப் பிரித்து யந்திரத்தில் கணக்கிட்டு, 1962-ல் லிஸ்பனில் கூடிய மாநாட்டில் முடிவுகளை வெளியிட்டனர். பிளவுள்ள சுவருக்கு இரப்பர் பொம்மையோ சதுரக் கட்டமோ எளிதில் விடை தந்திருக்க மாட்டா. அதுவரை சதுரக் கட்ட முறையையே போற்றிவந்த ஸீன்கீவிச்சும் கிளஃப்போடு நிகழ்த்திய உரையாடல்களால் மனம் மாறி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரிலிருந்து 1967-ல் செங் என்பவரோடு சேர்ந்து, இத்துறையின் முதற்பாடநூலை வெளியிட்டார். மேற்குலகின் தொடர்பு அற்றிருந்த சீனாவிலோ ஃபெங் காங் என்னும் கணிதர், மஞ்சள் நதியின் லியூஜியாஷியா அணை போன்ற நிர்மாணங்களுக்கான கணக்குகளில் ஈடுபட்டு, இதே முறையைத் தனியாகக் கண்டறிந்து 1965-ல் அதன் நிரூபணத்தோடு வெளியிட்டார். அஸ்வானில் எழுந்த கேள்வி மஞ்சள் நதிக்கரையிலும் எழுந்து, அதே திசையில் விடையைத் தேடச் செய்ததென்றால், அக்கேள்வியின் வலிமையை நாம் உணரலாம்.

இவ்வரலாற்றை வெற்றிகளின் வரிசையாக மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், நார்வே தேசத்தின் ஸ்டாவாங்கர் நகரத்தருகே ஆழமான கடற்கழியில், ஸ்லெய்ப்னர் என்னும் எரிவாயுத் தளத்துக்காகக் கட்டப்பட்ட பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளத்தை நீரில் மெல்ல இறக்கிச் சோதித்துக் கொண்டிருந்தபோது, அதன் உட்சுவர் ஒன்று பிளந்து, முழு அமைப்பும் மூழ்கி அடிக்கடலில் நொறுங்கிற்று. எவரும் உயிரிழக்கவில்லை, பொருள் நஷ்டமோ சுமார் 70 கோடி டாலர். அதை வடிவமைத்தவர்கள் முடிவுறு கூறு முறையை அறியாதவர்கள் அல்லர். சிறந்த யந்திரத்தில் புகழ்பெற்ற செயல்நிரலைக்கொண்டே கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் மூன்று சுவர்கள் சந்திக்கும் மூலைகளில் அவர்கள் விரித்த வலை மிகவும் பருமனாக இருந்தமையால், சுவரைச் சறுக்கித் துண்டிக்கும் தகைவு மெய்யளவைவிட 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டு, அவ்விடத்துக்கு வேண்டிய இரும்புக் கம்பியும் குறைந்துவிட்டது. விபத்துக்குப் பின் நுண்ணிய வலைகொண்டு செய்த கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்றது. மெய்யாக உடைந்தது 65 மீட்டர் ஆழத்தில். முறை பொய்க்கவில்லை, அதைச் சோதிக்க வேண்டிய கடமைதான் தவறியது.

அவ்விபத்துக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ரிச்சர்ட்சன் சொல்லிவைத்த பாடம் இதுவே அன்றோ? ஒரே கணக்கை இருவேறு கட்டங்களால் செய்து வேறுபாட்டைப் பார்ப்பது அவருடைய சிறுவர்களுக்கு வாரக்கணக்கான உழைப்பு. நமக்கோ சில நிமிஷங்கள். அவ்வளவு எளிதான காரியத்தைச் செய்யாமல் விடுவதற்கு இன்று எந்தச் சமாதானமும் இல்லை. யந்திரம் வண்ணமயமான படத்தோடு விடையைத் தருவதால் அது மெய்யாகிவிடாது. பிழையின் அளவு கூறப்படாத எண், எவ்வளவு இலக்கங்களோடு அச்சிடப்பட்டிருந்தாலும், பொறியியலில் விடை என்ற பெயருக்கு உரியதன்று. இதுவே இந்த நூற்றாண்டு வரலாற்றின் தீர்ப்பென்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆதலால், நம் பொறியியல் கல்லூரிகளில் இக்கலையைப் பயிலும் மாணவ மாணவியர்க்கு ஒரு வேண்டுகோள். அணையானாலும் பாலமானாலும் சிறகானாலும், கணக்கு முடிந்து படம் திரையில் தோன்றியவுடன் எழுந்துவிடாதீர்கள். வலையைப் பாதியாக்கி மற்றுமொரு முறை கணக்கிடுங்கள். இரு விடைகளின் வேறுபாட்டை அறிக்கையின் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள்.